சராசரி ஒன்பதாயிரம், கடிதத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துக் கடையில் அக்கா மகளோடு பசியாற உட்கார்ந்திருந்தேன். ரொட்டி சானாய் வந்து ஆறிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை. கைப்பேசியில் இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினாள். ஒன்று, என் தம்பி ஆறு மாதத்துக்கு முன் குடும்ப வாட்சப் குழுவில் போட்ட பத்திரிகைத் துண்டு. கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டு நிறுவனம் வட்டார அலுவலகம் திறக்கிறது, நூற்றுக்கணக்கில் வேலை, சராசரி மாதச் சம்பளம் 9,000 ரிங்கிட். கீழே தம்பி எழுதியிருந்தான்: "நம்ம பிள்ளைங்க எழுதிப் போடுங்க." இன்னொன்று, எழுதிப் போட்டதற்கு அதே நிறுவனம் அனுப்பிய நியமனக் கடிதம். அடிப்படைச் சம்பளம் 6,500.

"சித்தி, ஏமாத்துறாங்களா? இல்ல, நான்தான் சராசரிக்கும் கீழயா?"

பிறையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். அதனால் வீட்டில் யாருக்கு வேலைக் கடிதம் வந்தாலும் என் மேசைக்கு வந்துவிடும். சரி, இதையும் பார்ப்போம் என்று கடைக்காரரிடம் பேனா வாங்கி, ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அன்று முடியவில்லை, இரண்டு வாரம் ஓடியது. இதே மாதிரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் பினாங்கில் நிறையப் பேர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு முன்னால் இருந்தவை மூன்று வழிகள். இப்போது அவள் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். ஐந்து வருட அனுபவம், 4,800 ரிங்கிட், வீட்டிலிருந்தே போய்வருகிறாள். அதிலேயே இருக்கலாம். கோலாலம்பூருக்குப் போகலாம். மூன்றாவதாக, தீவிலேயே புதிதாக வந்திருக்கும் ஒரு சேவை மையத்தில் 7,000 ரிங்கிட்டுக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம். ஆனால் அந்த ஒப்பந்தம் சேவை மையத்தோடு இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டோடு.

வழிகளை ஒப்பிடும் முன் அந்த ஒன்பதாயிரத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும். அது மண்டையில் உட்கார்ந்திருக்கும்வரை வேறெந்த எண்ணையும் ஒழுங்காகப் பார்க்க விடாது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வாரத்தில் ஒரே சம்பளப் பட்டியலிலிருந்து மூன்று சராசரிகள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு ஒன்று கேட்டார்கள். அதில் ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ், போனஸ் எல்லாம் சேர்க்கச் சொன்னார்கள், "ஏற்கெனவே நல்லாத்தான் கொடுக்குறோம்" என்று காட்டுவதற்கு. தலைமையகத்துக்குச் செலவுக் கணக்கு அனுப்ப இன்னொன்று. அதில் வெறும் அடிப்படைச் சம்பளம், இயக்குநர்கள் கிடையாது. ஒரு விருந்தினர் வருகைக்காக மூன்றாவது. "எதைச் சேர்க்கணும் சார்?" என்று கேட்டேன். "கூட வர்ற மாதிரி போடுங்க" என்றார் மேலாளர். முதலாவதும் மூன்றாவதும் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசப்பட்டன. மூன்றிலும் நான் ஒரு சென் கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

ஆகவே, சராசரி பொய்யா என்று என்னைக் கேட்டால், பெரும்பாலும் இல்லை. அது வேறு யாரோ கேட்ட கேள்விக்கான பதில். புது அலுவலகம் வருகிறது என்றால் அமைச்சர் பக்கத்தில் நிற்பார், வரிச் சலுகையோ நிலமோ பேசப்பட்டிருக்கும். அவருக்குத் தெரிய வேண்டியது, இந்த நிறுவனம் மொத்தமாக எவ்வளவு சம்பளப் பணத்தை ஊருக்குள் விடப்போகிறது என்பது. ஆட்களின் எண்ணிக்கையைச் சராசரியால் பெருக்கினால் அந்தத் தொகை வந்துவிடும். அந்தக் கணக்குக்குச் சராசரிதான் சரியான எண். கோலாலம்பூர் மாலூரியில் அறை வாடகைக்குப் பிடிக்கப் போகிறவளுக்கு அது உதவாது.

இந்த விஷயத்தில் உலகமே பார்த்த உதாரணம் அமேசானுடையது. 2017-இல் இரண்டாவது தலைமையகம் கட்டப்போவதாகச் சொன்னதும் வட அமெரிக்காவில் 238 ஊர்களும் வட்டாரங்களும் விண்ணப்பம் போட்டன. 2018 நவம்பரில் நியூயார்க்கையும் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள ஆர்லிங்டனையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் 25,000 வேலை, சராசரி ஆண்டுச் சம்பளம் 1,50,000 டாலருக்கு மேல் என்பது வாக்குறுதி. அதே 2018-இல்தான், அமெரிக்கச் சட்டப்படி அந்த நிறுவனம் தன் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தை (சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது) முதன்முறையாக வெளியிட்டது: 2017-க்கு 28,446 டாலர். ஒரே நிறுவனம், ஒரே வருடம் வெளிவந்த இரண்டு எண்கள், ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு. இரண்டுமே உண்மை. சின்ன எண்ணில் உலகம் முழுக்கக் கிடங்கில் பெட்டி கட்டுபவர்கள் எல்லாம் அடக்கம், பகுதி நேரக்காரர்கள் உட்பட. பெரிய எண் அந்த இரண்டு அலுவலகங்களுக்கு மட்டும்.

அந்த ஒன்றரை லட்சத்தைப் பார்த்துக் கனவு காண்பவர்களுக்கு இன்னொரு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். 2022 தொடக்கம்வரை அங்கே அலுவலக ஊழியரின் அடிப்படைச் சம்பளத்துக்கு 1,60,000 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. மேல்நிலை ஆட்களுக்கு மீதி பங்குகளாக வரும். அந்தப் பங்குகளும் முதல் ஆண்டில் 5 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 15, மீதி 80-ம் மூன்றாம் நான்காம் ஆண்டுகளில். இரண்டு வருடத்தில் கிளம்புகிறவர் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொண்டு போகலாம். நியூயார்க் திட்டமே 2019 பிப்ரவரியில் கைவிடப்பட்டது தனிக் கதை. சராசரி மட்டும் வாக்குறுதி இல்லை, அலுவலகம் வருவதே ஒரு வாக்குறுதிதான்.

நம் ஊருக்கு வருவோம். பன்னாட்டு நிறுவனங்களின் வட்டார அலுவலகங்களுக்காக 2015-இல் மலேசியா கொண்டுவந்த பிரின்சிபல் ஹப் என்ற வரிச் சலுகையின் நிபந்தனைகளை நான் ரசித்துப் படித்தேன். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று கேட்காதீர்கள், சம்பளப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதுதான் நாவல். சலுகை வேண்டுமென்றால் உயர்மதிப்பு வேலைகளுக்கு மாதம் குறைந்தது 5,000 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது, முக்கிய நிர்வாகப் பதவிகள் சிலவற்றுக்குக் குறைந்தது 25,000 கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே சராசரி என்ற சொல்லுக்கு வேலையே இல்லை, இரண்டு அடிமட்டங்கள்தான். அப்படி ஓர் அலுவலகம் அமைந்தால் ஐயாயிரத்தை ஒட்டி ஒரு கூட்டமும் இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி ஒரு சிறு கூட்டமும் நிற்கும். சராசரி இரண்டுக்கும் நடுவே ஆளில்லாத இடத்தில் போய் நிற்கும்.

ரசீதின் பின்னால் அக்கா மகளுக்கு நான் போட்ட கணக்கு இது. ஓர் அலுவலகத்தில் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். 70 பேருக்கு 5,500. 20 பேருக்கு 9,000. 8 பேருக்கு 25,000. மேலே உட்கார்ந்திருக்கும் 2 பேருக்கு 70,000. மொத்தம் 9,05,000, சராசரி 9,050. ஒன்பதாயிரம் வாங்குகிறவர்கள்கூடச் சராசரிக்கு ஐம்பது வெள்ளி கீழே. நூறில் தொண்ணூறு பேர் "சராசரிக்கும் கீழ்". சம்பள வரிசைப்படி எல்லாரையும் காண்டீனில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 5,500 என்பார். அதுதான் இடைநிலை. நம் புள்ளிவிவரத் துறை இரண்டையும் வெளியிடுகிறது: 2023-இல் நாட்டின் சராசரி மாதச் சம்பளம் 3,441 ரிங்கிட், இடைநிலை 2,602. நாடு முழுக்கச் சேர்த்தாலே எண்ணூறு வெள்ளிக்கு மேல் இடைவெளி.

"அப்ப நான் தொண்ணூறுல ஒருத்தி," என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

சராசரிக்குள் என்னென்ன நுழைந்திருக்கும் என்பதும் இருக்கிறது. பல நிறுவனங்கள் அறிவிப்பில் சொல்வது ஓர் ஆளுக்கு ஆகும் செலவை. அடிப்படை 5,500 என்றால் அதன்மேல் முதலாளி கட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 12 விழுக்காடு, அதாவது 660. இரண்டு மாத போனஸைப் பன்னிரண்டால் வகுத்தால் 917. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா, மருத்துவக் காப்பீடு, கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஏழாயிரத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணம் அவர்கள் கையைவிட்டுப் போவது உண்மைதான், மாதக் கடைசியில் அது அப்படியே நம் பேங்கில் ஏறாது.

வெளியே விடப்பட்டவர்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு. துப்புரவு, பாதுகாவல், காண்டீன் எல்லாம் வெளிக் குத்தகை. கணினிப் பிரிவில் பாதி, கணக்குப் பிரிவில் கால் எனச் சில இடங்களில் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களே ஏஜென்ட் ஆட்கள்தான். அவர்கள் அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை, ஆகவே சராசரியிலும் இல்லை. நம் மூன்றாவது வழி இதுதான், பிறகு வருகிறேன். காலமும் ஒரு சூழ்ச்சி செய்யும். முதல் வருடம் வருகிறவர்கள் இயக்குநர்கள், மேலாளர்கள், தலைமையகத்திலிருந்து அனுப்பப்பட்ட வெளிநாட்டவர்கள். அப்போது எடுக்கும் சராசரி வானத்தைத் தொடும். இரண்டாம் மூன்றாம் வருடம் இளைஞர்களைக் கூட்டமாக எடுக்கும்போது அது இறங்கும். நம் பிள்ளைகள் போவது அந்தக் கூட்டத்தோடுதான்.

இனி வழிகள். எல்லாக் கணக்கும் தனி ஆளுக்கு, வழக்கமான வரிக் கழிவுகளோடு, தோராயமாக.

பினாங்கில் 4,800. ஈபிஎஃப் 528, சொக்சோவும் வேலைக் காப்பீடும் சேர்த்து 33, மாத வரி 96 போக, கையில் 4,143. போக்குவரத்துக்குத் தொழிற்சாலை பஸ். அதைத் தவறவிட்டால் மோட்டார் சைக்கிள். தீவுக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை. காலை ஐந்தே காலுக்கு அக்கா எழுந்து சோறு கட்டிக் கொடுக்கிறாள், அதற்கு நான் விலை போடவில்லை. போட்டால் அக்கா சண்டைக்கு வருவாள்.

கோலாலம்பூரில் 6,500. ஈபிஎஃப் 715, சொக்சோ வகை 42, வரி 259. கையில் 5,484. கடிதத்தைப் பார்த்தால் 1,700 கூடுதல், கைக்கு வரும்போது 1,341 கூடுதல். அப்புறம் செலவு. அலுவலகம் டி.ஆர்.எக்ஸ். என்ற நிதி மையப் பகுதியில். எம்ஆர்டி பாதையில் செராஸ் பக்கம் ஓர் அறை, தண்ணீர் மின்சாரம் உட்பட 900 என்று அவள் தோழி சொன்னாள். மைஃபிஃப்டி பாஸ் 50 ரிங்கிட், அதில் மாதம் முழுக்க ரயிலும் பஸ்ஸும், கோலாலம்பூரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம். வீட்டுச் சாப்பாடு இல்லாததால் கூடுதலாக 550 ஆவது ஆகும். மாதம் ஒரு தடவை பட்டர்வொர்த்துக்கு ரயிலில் வந்துபோக, வரும்போது வெறுங்கையோடு வராமலிருக்க, 200. மொத்தம் 1,700. ஆக, மாதம் சுமார் 360 ரிங்கிட் கைக்கடி.

இங்கேயே பலர் பேனாவை மூடிவைத்துவிடுவார்கள். நானும் மூடப்போனேன். ஈபிஎஃப் பக்கம் பார்த்தபோதுதான் விஷயம் கொஞ்சம் திரும்பியது. 4,800-க்கு முதலாளி 13 விழுக்காடு கட்டுகிறார், 624. சம்பளம் ஐயாயிரத்தைத் தாண்டினால் அது 12 விழுக்காடு ஆகிவிடும். (4,900-இலிருந்து 5,100-க்கு உயர்ந்த பிள்ளைகள் "ஈபிஎஃப் குறைஞ்சிருச்சே" என்று என்னிடம் வந்து நின்றது எத்தனையோ தடவை. 637 இருந்தது 612 ஆகும். அது கணக்குப் பிழை இல்லை.) 6,500-க்கு 12 விழுக்காடு என்றால் 780. அவள் பங்கையும் சேர்த்தால் பினாங்கில் மாதம் 1,152 ஈபிஎஃப்பில் ஏறுகிறது, கோலாலம்பூரில் 1,495. வித்தியாசம் 343. அதாவது கையில் 360 குறைகிறது, சேமநிதியில் 343 கூடுகிறது. ஊர் மாறி, வீடு மாறி, இடப் பையிலிருந்து வலப் பைக்குப் பணத்தை மாற்றிய கதை. வலப் பைக்குப் பூட்டு வேறு. 2024 மேயில் ஈபிஎஃப் மூன்று கணக்குகளாகப் பிரிந்தபின் எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுவது பத்து விழுக்காடுதான்.

போனஸில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பாயான் லெப்பாஸில் அவளுக்கு ஐந்து வருடமும் இரண்டு மாத போனஸ் வந்திருக்கிறது, ஒரு வருடம்கூட விட்டதில்லை. கோலாலம்பூர்க் கடிதத்தில் "இரண்டு மாதம் வரை" என்று இருந்தது. அந்த "வரை"க்குள் பூஜ்யமும் அடக்கம். அறிவித்த சராசரியில் அது முழு இரண்டு மாதமாகச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் இருபத்திரண்டு வருட ஊகம்.

மூன்றாவது வழி என்னையே கொஞ்சம் தடுமாற வைத்தது. ஏஜென்ட் ஒப்பந்தம் 7,000, வேலை தீவிலேயே, இரவு சொந்த வீட்டுக் கட்டில். கையில் வருவது 5,869. வாடகை இல்லை. இப்போதைய நிலையைவிட மாதம் 1,726 கூடுதல். எந்தச் சராசரியிலும் எண்ணப்படாத மேசைதான் மூன்றிலும் அதிக ரொக்கம் கொடுக்கிறது! ஒப்பந்த வேலை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டேன். மாறவில்லை.

ஆனால் அதில் போனஸ் இல்லை, மருத்துவ அட்டை இல்லை, ஆண்டு உயர்வு இல்லை. ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் இப்போதைய வேலை பதினான்கு மாதச் சம்பளம், 67,200. ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம் முழுசாக ஓடினால் 84,000. ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்க மூன்று மாதம் ஆகிவிட்டால் அந்த வருடத்துக்கு ஒன்பது மாதம்தான், 63,000. மூன்று மாத இடைவெளி ஒன்று விழுந்தால் போதும், ஆதாயம் முழுக்கப் போய்விடும். இன்னொன்றும் உண்டு, பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. மாதாமாதம் பிடிக்கிற வேலைக் காப்பீட்டிலிருந்து, ஆட்குறைப்பில் வேலை போனால் உதவித்தொகை கேட்கலாம். குறித்த கால ஒப்பந்தம் தன் தேதியில் முடிந்தால் கேட்க முடியாது. காசு மட்டும் பிடிப்பார்கள்.

ஓவர்டைம் பற்றி அவள் கேட்டாள். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிற அலுவலக ஊழியருக்குச் சட்டம் ஓவர்டைம் பணம் வாங்கித் தராது. மூன்று வழியிலும் அவள் அந்தக் கோட்டுக்கு மேலேதான். ஆக, எத்தனை மணி நேர வேலை என்பதை வேலை பார்ப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். கோலாலம்பூர் அலுவலகம் ஐரோப்பாவோடு பேசுவது. அங்கே காலை என்றால் இங்கே பிற்பகல். மாலை ஏழு மணிக் கூட்டங்கள் சகஜம் என்று அங்கே இருக்கும் ஒரு பையன் சொன்னான்.

பணத்துக்கு வெளியே உள்ளதையும் மறைக்கக் கூடாது. என் அம்மா எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனவர். 1972-இல் இன்டெல் அங்கே தொழிற்சாலை திறந்தது, முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றைக்கும் எட்டு சாமுராய்கள் என்பார்கள். அப்போது வாசலில் எழுதிப் போட்டது நாள் கூலி. எவ்வளவு எழுதியிருந்ததோ அதுதான் கையில் வரும், சராசரி என்று யாரும் பேசவில்லை. அந்தத் தலைமுறை அங்கேயே ஓய்வுபெற்றது. அக்கா மகளுக்கு அது போதாது. கொள்முதல் பிரிவில் அவளுக்கு மேலே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நாற்பத்திரண்டு வயது, அவர் எங்கும் போகப்போவதில்லை. கோலாலம்பூரில் அவள் பல நாடுகளுக்கான ஒப்பந்தங்களைப் பார்ப்பாள். மூன்று வருடம் கழித்து அந்த அனுபவத்தோடு பினாங்குக்குத் திரும்பினால் கேட்கக்கூடிய சம்பளமே வேறு. இதைக் கணக்கில் எழுத முடியாது. எழுத முடியாது என்பதால் பூஜ்யம் போடுவதும் தப்பு.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 6,500-க்கு கோலாலம்பூர் வேண்டாம். 7,200 கொடுத்தால் போகலாம். அப்போது கையில் 6,009, எல்லாச் செலவும் போய் மாதம் நூற்றுச் சொச்சம் மிஞ்சும், ஈபிஎஃப் தனி. ஒப்பந்த வேலையை, வீட்டுக் கடன் இல்லாத, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் ஒருத்திக்கு யோசிக்காமல் சொல்வேன். அக்கா மகள் போன வருடம் கார் வாங்கிவிட்டாள். ஏழு வருடத் தவணை. என்னைக் கேட்காமல் வாங்கியது. அதனால் அவளுக்கு ஒப்பந்தம் வேண்டாம் என்றேன்.

அப்புறம் இருவரும் சேர்ந்து கோலாலம்பூர் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மூன்று கேள்விகள்தான். என்னுடைய தரநிலைக்குச் சம்பள வரம்பு எங்கிருந்து எங்குவரை? கடந்த ஆண்டு இந்தத் தரநிலையில் இருந்தவர்களுக்கு உண்மையில் எத்தனை மாத போனஸ் கொடுத்தீர்கள்? அறிவிப்பில் வந்த 9,000 என்ற சராசரியில் என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது? கேட்டால் வேலையையே எடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். கேள்வி கேட்டதற்காகக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிற இடம் என்றால் அது இப்போதே தெரிவது நல்லது என்று நான்தான் அனுப்பும் பொத்தானை அமுக்கினேன்.

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது, மரியாதையாகவே. தரநிலையின் வரம்பு 5,800 முதல் 8,200 வரை. போன வருடம் அந்தத் தரநிலைக்கு ஒன்றே கால் மாத போனஸ். மூன்றாவது கேள்விக்கு, அந்த எண்ணைத் தந்தது தலைமையகத்தின் தொடர்புப் பிரிவு, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரம் எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அக்கா மகள் அதை மூன்று தரம் படித்தாள். சம்பளம் கொடுக்கிற பிரிவுக்கே அந்தச் சராசரி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

வரம்பின் நடுப்புள்ளி 7,000. அவளுக்குக் கொடுத்தது அதற்கும் ஐந்நூறு கீழே. ஐந்து வருட அனுபவத்துக்கு நடுப்புள்ளியைத் தாண்டிக் கேட்பது நியாயம்தான் என்று 7,200 கேட்டாள். 6,900-க்கு வந்து நின்றார்கள், அதற்கு மேல் இல்லை என்றார்கள். 6,900 என்றால் கையில் 5,796. செலவெல்லாம் போக, பினாங்கில் இருப்பதைவிட மாதம் ஐம்பது வெள்ளி குறைவு, சேமநிதியில் 435 கூடுதல். என் கணக்குப்படி இழுபறி. "நீயே முடிவு பண்ணு" என்றேன்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாளாம், இங்கே இரண்டு மாத நோட்டீஸ். கார் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை அம்மா ஓட்டட்டும், தவணையை நான் கட்டுகிறேன் என்றாள். அக்காவுக்கு லைசென்ஸ் கிடையாது.